நீலத் திமிங்கலத்தைக் காணும் கடல் பயணம்: இலங்கையில் எங்கே, எப்போது, எப்படி?

சாணக்யபுரி, புது தில்லி: பூமியில் இதுவரை வாழ்ந்ததாக அறியப்பட்டுள்ள உயிரினங்களிலேயே மிகப் பெரியது நீலத் திமிங்கலம். அதை உயிருடன், அதன் சொந்தக் கடலிலேயே காண்பதற்கு இந்தியர்கள் உலகின் மறுகோடிக்குச் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் அண்டை நாடான இலங்கையின் தென்கரையிலிருந்து படகில் ஓரிரு மணி நேரம் சென்றாலே அதன் வாழிடத்தை அடைந்துவிடலாம்.

அண்மை ஆண்டுகளில் இலங்கைக்குச் செல்லும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் முதலிடம் வகிப்பவர்கள் இந்தியர்களே. அவர்களில் கணிசமானோரின் பயணத் திட்டத்தில் மிரிஸ்ஸ கடற்கரையின் திமிங்கலப் படகுப் பயணமும் இடம்பெறுகிறது. ஆயினும், அந்தப் படகு எவ்வாறு செலுத்தப்படுகிறது, திமிங்கலத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அப்பயணம் அவ்வுயிரினத்துக்கு நன்மையாகவோ தீமையாகவோ அமைகிறது. பயணத்துக்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியத் தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

எவ்வளவு பெரியது?

அண்டார்டிக் கடலில் வாழும் நீலத் திமிங்கலங்கள் சுமார் 30 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியவை. அவற்றின் எடை 150 டன்னைக் கடப்பதும் உண்டு. வட இந்தியப் பெருங்கடலில் வாழ்பவை அவற்றைவிடச் சற்றுச் சிறியவை. இருப்பினும், முழு வளர்ச்சி பெற்ற ஒரு திமிங்கலம் இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் கொண்டது. பிறந்த கன்றின் நீளமே சுமார் 7 மீட்டர்.

இவ்வளவு பெரிய உடல் கொண்ட இவ்விலங்குக்குப் பற்கள் இல்லை. மேல்தாடையில் சீப்பைப் போல் வரிசையாக அமைந்துள்ள தகடுகளால் கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள சிறு இறால் வகை உயிரிகளை உண்டு வாழ்கிறது. துருவக் கடல்களில் இதன் உணவு ‘கிரில்’ எனப்படும் உயிரி. இலங்கைக் கடலில் வேறொரு சிறு இறால் இனத்தையே இவை முதன்மையாக உண்பது 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பெண் திமிங்கலம் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு கன்றை ஈனும். கருவைச் சுமக்கும் காலம் 10 முதல் 12 மாதங்கள். எனவே, வேட்டையாலோ விபத்தாலோ எண்ணிக்கை குறைந்தால் அதை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இலங்கைக் கடலில் ஏன்?

பொதுவாக நீலத் திமிங்கலங்கள் குளிர்ந்த துருவக் கடல்களில் உணவு உண்டு, இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடல்களுக்கு இடம்பெயர்பவை. வட இந்தியப் பெருங்கடலின் திமிங்கலங்கள் இதற்கு விதிவிலக்கு. வடக்கே ஆசிய நிலப்பரப்பு தடுத்து நிற்பதால் அவற்றுக்கு வடதுருவக் கடலை அடைய வழியில்லை; ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன.

இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்ததில் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸின் பங்கு குறிப்பிடத்தக்கது. 2003-ஆம் ஆண்டு ஆய்வுக் கப்பல் ஒன்றில் பணியாற்றியபோது, இலங்கைக்கு அருகில் ஆறு நீலத் திமிங்கலங்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதையும், நீரின் மேல் அவற்றின் சிவப்பு நிறக் கழிவு மிதப்பதையும் அவர் கண்டார். உணவு உண்ணும் இடத்தில்தான் கழிவு காணப்படும். வெப்பக் கடலில் நீலத் திமிங்கலங்கள் உணவு உண்பதில்லை என்பதே அன்று பாடநூல்கள் கூறியது. அந்த ஐயமே பின்னர் அவரது நீண்டகால ஆய்வாக வளர்ந்தது.

கடலடியின் அமைப்பும் இதற்குத் துணைபுரிகிறது. இலங்கையின் தென்கரையில் கண்டத்திட்டு மிகக் குறுகலானது. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே கடல் பெரும் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பருவக்காற்றுகளின் விளைவாக ஆழ்கடலின் சத்து மிகுந்த நீர் மேலெழும்பும் இடங்களில் நுண்ணுயிரிகளும், அவற்றை உண்ணும் சிறு இறால்களும் பெருகுகின்றன. அவற்றைத் தேடித் திமிங்கலங்கள் கரைக்கு அருகில் வருகின்றன. பிற நாடுகளில் ஆழ்கடல் வரை செல்ல வேண்டிய பயணம், இங்கே அரை நாளில் முடிவதற்குக் காரணம் இதுவே.

எங்கே, எப்போது காணலாம்?

மாத்தறை மாவட்டத்தின் மிரிஸ்ஸ, தென்கரையின் முதன்மைப் படகுத் துறை. கொழும்பிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்குப் பயணக் காலம். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற்றுக் கடல் கொந்தளிப்பதால் படகுகள் செல்வதில்லை. திமிங்கலங்கள் முற்றிலும் அகன்றுவிடுகின்றன என்று இதற்குப் பொருளல்ல. சிறு படகுகளில் கடலுக்குச் செல்வது பாதுகாப்பானதல்ல என்பதே காரணம்.

கிழக்குக் கரையில் திருகோணமலை இரண்டாவது முக்கிய இடம். அங்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம் வேறு. ஏறத்தாழ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. துறைமுகத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே தொடங்குவதால், கோணேசுவரர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையின் உச்சியிலிருந்தே சில நாட்களில் திமிங்கலத்தின் நீர்த்தூவலைக் காண முடிகிறது. எரிபொருளும் இரைச்சலும் இல்லாத இந்தக் கரைவழிக் காட்சி திமிங்கலத்துக்கு எவ்விதத் தொந்தரவும் அளிக்காதது.

மேற்குக் கரையின் கற்பிட்டியிலிருந்தும் பயணங்கள் உண்டு. அங்கு ஓங்கில்களும் எண்ணெய்த் திமிங்கலங்களுமே அதிகம் காணப்படுகின்றன.

உலகளவில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, மெக்சிகோவின் பாஜா கலிஃபோர்னியா, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, ஐஸ்லாந்து, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள், கிழக்குத் திமோர் ஆகியவையும் நீலத் திமிங்கலங்களைக் காண ஏற்ற இடங்களாக அறியப்படுகின்றன.

படகுப் பயணம் எவ்வாறு நடைபெறும்?

மிரிஸ்ஸயில் படகுகள் பெரும்பாலும் காலை 6 மணி முதல் 7 மணிக்குள் புறப்படும். காலை வேளையில் காற்று குறைவாகவும் கடல் ஒப்பீட்டளவில் அமைதியாகவும் இருப்பதே காரணம். பயணம் பொதுவாக 3 முதல் 5 மணி நேரம் நீடிக்கும்.

முதலில் தென்படுவது திமிங்கலத்தின் உடல் அல்ல. அது மூச்சுவிடும்போது எழும் நீர்த்தூவலே. நீலத் திமிங்கலத்தின் தூவல் ஒரே நேர்கோடாக சுமார் 9 மீட்டர் உயரம் வரை எழும். படகோட்டிகள் அதைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு திசையைத் தீர்மானிக்கின்றனர். திமிங்கலம் மேற்பரப்பில் சில முறை மூச்சுவிட்ட பின், முதுகை வளைத்து ஆழத்தில் மூழ்கும். அப்போது வால் நீருக்கு மேல் எழுவதே பயணிகள் பெரிதும் எதிர்பார்க்கும் காட்சி. அதன் பிறகு அது மீண்டும் மேலே வர 10 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

வானத்தில் தாவும் திமிங்கலங்களைக் காணொளிகளில் கண்டு பழகியவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கக்கூடும். தாவுவது பெரும்பாலும் கூனல் திமிங்கலங்களின் இயல்பு. நீலத் திமிங்கலத்தின் உடலில் பெரும்பகுதி நீருக்குள்ளேயே இருக்கும். காண்பவர் கண்ணுக்குத் தெரிவது நீண்ட நீலச்சாம்பல் முதுகும், மிகச் சிறிய முதுகுத் துடுப்பும் மட்டுமே. சில நாட்களில் ஒன்றுகூடத் தென்படாமல் படகு திரும்புவதும் உண்டு.

வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு

இன்று பயணிகள் காண விரும்பும் இவ்வுயிரினத்தை, சென்ற நூற்றாண்டில் நாடுகள் போட்டியிட்டு வேட்டையாடின. நார்வே நாட்டின் ஸ்வென் ஃபோயின் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய வெடிமுனை ஈட்டியும், நீராவிக் கப்பலும் இணைந்தபோது, அதுவரை எட்ட முடியாத வேகத்தில் நீந்திய நீலத் திமிங்கலம் எளிதில் வீழ்த்தப்பட்டது. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக் கடலில் 29,000-க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் கொல்லப்பட்ட நீலத் திமிங்கலங்களின் எண்ணிக்கை 3.5 லட்சத்தைக் கடந்தது.

1946-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்கீழ் சர்வதேசத் திமிங்கல ஆணையம் உருவானது. நீலத் திமிங்கல வேட்டைக்கு 1966-ஆம் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. ஆனால், அதற்கு முன் இந்தியாவுக்கு மிக அருகிலேயே பேரிழப்பு நிகழ்ந்துவிட்டது. 1963 முதல் 1966 வரை சோவியத் யூனியனின் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் 1,294 நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. அப்போது மறைக்கப்பட்ட இந்தக் கணக்கை, சோவியத் யூனியன் சிதைந்த பின்னரே ரஷ்ய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இன்று இலங்கைக் கடலில் காணப்படுபவை, அந்த வேட்டையில் தப்பியவற்றின் வழிவந்தவையே.

1979-ஆம் ஆண்டு சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவை ஏற்று, இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக ஆணையம் அறிவித்தது. இந்தியா 1981-ஆம் ஆண்டு ஆணையத்தில் இணைந்தது. வணிக வேட்டைக்கு முழுத் தடை விதிக்கும் முடிவு 1982-இல் எடுக்கப்பட்டு, பின்னர் நடைமுறைக்கு வந்தது.

திமிங்கலங்களின் வாழ்வும் சாவும் நாடுகளுக்கிடையேயான பேச்சுவார்த்தைகளால் தீர்மானிக்கப்பட்டதற்கு, தில்லியின் தூதரகப் பகுதியான சாணக்யபுரியே சான்றாக உள்ளது. வேட்டையில் முன்னணியில் இருந்த நார்வே, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகியவற்றின் தூதரகங்கள் இங்குள்ள சாந்திபத் சாலையில் அமைந்துள்ளன. திமிங்கலங்களைக் காட்டி வருவாய் ஈட்டும் இலங்கையின் தூதரகம் அருகிலுள்ள கௌடில்யா சாலையில் உள்ளது. ஜப்பான் 2019-ஆம் ஆண்டு ஆணையத்திலிருந்து விலகி வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. நார்வேயும் சிறிய வகைத் திமிங்கலங்களை வேட்டையாடி வருகிறது. ஆயினும், எந்த நாடும் இன்று நீலத் திமிங்கலத்தை வேட்டையாடுவதில்லை.

போர் நிறுத்திய பயணம்

இலங்கையில் திமிங்கலப் பயணங்கள் முதலில் தொடங்கியது மிரிஸ்ஸயில் அல்ல, திருகோணமலையில். 1980-களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் பாய்மரக் கப்பலில் வந்த விஞ்ஞானிகள், அங்கு நீலத் திமிங்கலங்களும் எண்ணெய்த் திமிங்கலங்களும் இருப்பதைப் பதிவுசெய்தனர். அதையொட்டிச் சுற்றுலா அரும்பிய வேளையில், 1983 ஜூலையில் வன்முறை வெடித்தது. தொடர்ந்த உள்நாட்டுப் போரில் கிழக்குக் கடல் பொதுமக்களுக்கு ஏறத்தாழ மூடப்பட்டது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தென்கரையில் மீன்பிடித் தொழிலும் சுற்றுலாவும் மீண்டெழுந்தபோது, மிரிஸ்ஸ படகுப் பயணங்கள் உருப்பெற்றன. 2009-இல் போர் முடிந்ததும் பயணிகளின் வருகை பெருகியது. மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது புதிய வாழ்வாதாரமானது. உலகளவிலும் இத்தொழில் சிறியதன்று. 2008-ஆம் ஆண்டில் 119 நாடுகளில் 1.3 கோடிப் பேர் திமிங்கலங்களைக் காணச் சென்றதாகவும், அதன்வழி 210 கோடி டாலர் செலவிடப்பட்டதாகவும் சர்வதேச ஆய்வறிக்கை ஒன்று மதிப்பிட்டது. கொல்லப்பட்ட திமிங்கலம் ஒருமுறை மட்டுமே பணம் தரும். உயிருள்ள திமிங்கலம் ஆண்டுதோறும் தரும் என்ற வாதத்துக்கு இக்கணக்கு வலுசேர்த்தது.

விதிமுறைகள் என்ன?

பயணிகள் பெருகியதால் சிக்கலும் பிறந்தது. ஒரே திமிங்கலத்தைப் பல படகுகள் சூழ்வதும், புகைப்படத்துக்காக அதன் பாதையைக் குறுக்கே மறிப்பதும் தொடர் விமர்சனத்துக்கு உள்ளாயின. அதையடுத்து, 2012-ஆம் ஆண்டு கடல்வாழ் பாலூட்டிகளைக் காண்பதற்கான தனி விதிமுறைகளை இலங்கை அரசு வெளியிட்டது. அவற்றின்படி திமிங்கலத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தொலைவைப் படகுகள் கடைப்பிடிக்க வேண்டும். பயணங்களை நடத்துவோர் உரிய அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

தொலைவு குறித்த விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆழத்தில் உணவு தேடிய திமிங்கலம், உடலின் உயிர்வளிக் குறையை ஈடுசெய்யவே மேலே வருகிறது. படகு நெருங்கினால், போதிய அளவு மூச்சுவிடாமலேயே அது மீண்டும் மூழ்கக்கூடும். அடுத்த முறை ஆழத்தில் தங்கும் நேரமும், உண்ணும் உணவும் அதனால் குறையும். ஒரு நாளில் பல படகுகள், ஒரு பருவத்தில் பல மாதங்கள் எனக் கணக்கிட்டால், இந்த இழப்பு கன்றை வளர்க்கும் தாய்த் திமிங்கலத்துக்குப் பெருஞ்சுமை ஆகிவிடும்.

பெரிய ஆபத்து எது?

சுற்றுலாப் படகுகளைவிடப் பன்மடங்கு பெரிய ஆபத்து அதே கடலில் உள்ளது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்கு அருகில், கிழக்காசியாவையும் சூயஸ் கால்வாயையும் இணைக்கும் சர்வதேசக் கப்பல் பாதை செல்கிறது. உலகின் மிகவும் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றான இது, திமிங்கலங்கள் உணவு தேடும் பகுதியின் மீதே அமைந்துள்ளது.

2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பலின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கலம் ஒன்று சிக்கியிருந்தது இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்தியது. மோதலில் இறக்கும் திமிங்கலங்களின் உடல்கள் பெரும்பாலும் கடலில் மூழ்கிவிடுவதால், உண்மையான உயிரிழப்பு பதிவாவதே இல்லை. பெரிய எதிரிகள் அதிகம் இல்லாத சூழலில் பரிணமித்த நீலத் திமிங்கலம், வேகமாக வரும் கப்பலைக் கண்டு விலகுவதிலும் திறன் குறைந்தது. கலிஃபோர்னியக் கடலில் நடத்தப்பட்ட ஆய்வில், கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் விலகாமல் மெதுவாக மூழ்க மட்டுமே முயன்றது தெரியவந்தது.

தீர்வு கடினமானதல்ல என்கின்றனர் ஆய்வாளர்கள். பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால், மோதல் அபாயம் 95 சதவீதம் வரை குறையும் என மதிப்பிடப்பட்டுள்ளது. 2022-ஆம் ஆண்டு, உலகின் மிகப்பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி. தனது கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் வகையில் பாதையை முறைப்படி மாற்ற, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்புதல் தேவை. அதற்கான முன்மொழிவை இலங்கை அரசே அளிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் துறைமுகங்களை அணுகும் பாதைகள் 2013-ஆம் ஆண்டு இதே நோக்கத்துடன் மாற்றியமைக்கப்பட்டதற்கு முன்னுதாரணம் உள்ளது.

இதில் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாற்றப்படும் சரக்குகளில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருபவை அல்லது இந்தியாவிலிருந்து செல்பவை. இந்தியரின் இறக்குமதி, ஏற்றுமதிப் பொருள்களும் அந்தக் கடல்வழியையே பயன்படுத்துகின்றன.

இந்தியக் கடலில் காண முடியாதா?

இந்தியக் கடல்களிலும் நீலத் திமிங்கலங்கள் உள்ளன. லட்சத்தீவின் கவரத்தி அருகே கடலடியில் பொருத்தப்பட்ட ஒலிப்பதிவுக் கருவிகளில் அவற்றின் குரல் பதிவானதை 2021-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. அவற்றின் குரல் மனிதச் செவிக்குப் பெரும்பாலும் எட்டாத தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. ஆனால் நீருக்கடியில் நெடுந்தொலைவு பயணிக்கக்கூடியது.

எனினும், மிரிஸ்ஸயைப் போலக் கரைக்கு அருகில் அவை தொடர்ந்து தென்படும் இடம் இந்தியாவில் இல்லை. எனவே, கோவாவிலும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் ஓங்கில்களைக் காணும் பயணங்கள் உள்ளதுபோல், நீலத் திமிங்கலத்துக்கான முறையான பயணங்கள் இங்கு உருவாகவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள நீலத் திமிங்கலத்துக்கு இந்தியாவில் உச்சபட்சச் சட்டப் பாதுகாப்பு உள்ளது. கரையொதுங்கும் கடல்வாழ் பெருவிலங்குகளைக் கையாள்வதற்கான தேசிய வழிகாட்டுதல்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் வெளியிட்டது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

இலங்கை செல்ல இந்தியர்கள் இணையவழிப் பயண அனுமதியைப் பெறலாம். கட்டணமும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், சாணக்யபுரியில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் அறிவிப்பையோ சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தின் அறிவிப்பையோ பயணத்துக்கு முன் சரிபார்ப்பது நல்லது.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடக் கூடாது. அனுமதி உள்ளதா, ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா, 100 மீட்டர் தொலைவு கடைப்பிடிக்கப்படுமா, விளக்கம் சொல்ல வழிகாட்டி இருக்கிறாரா ஆகிய நான்கையும் கேட்டறிய வேண்டும். ‘மிக அருகில் காட்டுவோம்’ என்றும், ‘திமிங்கலத்துடன் நீந்தலாம்’ என்றும் விளம்பரம் செய்வோரைத் தவிர்ப்பதே சிறந்தது.

கடல்நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் புறப்படுவதற்கு முன்பே மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் அது அதிகம் பயனளிக்காது. காலை உணவை மிதமாக உண்பது நலம். தொப்பி, குடிநீர், தொலைநோக்கி ஆகியவை பயன்படும். பிளாஸ்டிக் பொருள்களைக் கடலில் வீசக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் அருகில் செல்லுமாறு படகோட்டியை வற்புறுத்தக் கூடாது. விதியை மீறும் பல படகோட்டிகள், பயணிகள் அதையே விரும்புகின்றனர் என்று கருதியே அவ்வாறு செய்கின்றனர். தொலைவில் நிற்கும் படகுக்குப் பயணிகள் முன்னுரிமை அளித்தால், அதுவே அத்துறையின் வழக்கமாக மாறும். தொந்தரவு இல்லாத கடலில் திமிங்கலம் அடுத்த ஆண்டும் வரும். அதை நம்பி வாழும் மீனவக் குடும்பத்தின் படகும் அடுத்த ஆண்டு கடலுக்குச் செல்லும்.